யாருக்கும் புரியாத பாஷை ஒன்று வேண்டும்: எதைப் படிப்பது?

செங்கோட்டையில் ரகசியம் பேசுவது கஷ்டம். தமிழில் பேசினால் எல்லாருக்கும் புரியும், மலையாளத்தில் பேசினால் முக்கால்வாசிப் பேருக்குப் புரியும், ஆங்கிலத்தில் பேசினால் புரியாதவர்கள்கூட முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து ராஜ்யத்தோடு இருந்த ஊர் இது. புளியரை தாண்டினால் கேரளா. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வைத்திருக்கும் டிடிபி, ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்து விண்ணப்பம் பாதி, இந்தப் பக்கத்து விண்ணப்பம் பாதி என்று இரண்டு கீபோர்டு லேஅவுட்டில்தான் நாள் போகிறது.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது புனலூரில், ரயிலில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அவள் மகள் பத்தாவது முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள், என் மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள். இரண்டும் மச்சில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிசுகிசு. கீழிருந்து என் அம்மா, "ஏட்டி, என்ன பேசுதிய ரெண்டு பேரும்?" என்று கேட்பாள், பேசியது எல்லாம் காதில் விழுந்த பிறகுதான் கேட்பாள். கடைசியில் இரண்டு பேரும் கடைக்கே வந்துவிட்டார்கள். "மாமா, ஆச்சிக்கும் அம்மாவுக்கும் புரியாத பாஷை ஒண்ணு வேணும், கதையில வர்ற மாதிரி, எழுத்தும் வேணும்" என்றாள் அக்கா மகள். கற்பனை உலகத்துக்காக உருவாக்கின மொழிகளில் எது எங்களுக்குச் சரிப்படும் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் சொன்ன பிறகு நீங்கள் அதைப் படிக்கக் கூடாது, இது நிபந்தனை. படிக்காமல் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் ராத்திரி கடை சாத்தினதும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். எந்தக் கற்பனை மொழி சுலபம், எது கஷ்டம் என்று இணையத்தில் கிடைக்கிற பட்டியல் எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்கள் வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது. "எட்டு வேற்றுமை இருக்கிறது, பயங்கரம்" என்று எழுதியிருப்பார்கள். நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே எட்டு வேற்றுமை மனப்பாடம். "வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, மூளை சுழலும்" என்பார்கள். நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். குறில் நெடில், நாக்கை மடித்துச் சொல்லும் ட, நாம் வேறு நாங்கள் வேறு என்கிற கணக்கு, இதெல்லாம் நமக்கு இலவசம். அதனால் அந்தப் பட்டியல்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மூன்றே கேள்வி வைத்துக்கொண்டேன்: வாய்க்கு வருமா, கைக்கு வருமா, எங்கேயாவது பதில் பேச ஆள் உண்டா.

மொழியே வேண்டாம், எழுத்தை மாற்றிப் போட்டுப் பேசினால் போதாதா என்றுதான் நான் ஆரம்பித்தேன், சோம்பேறித்தனம். சின்ன வயதில் நாங்கள் பேசின 'க' பாஷை உங்களுக்கும் தெரிந்திருக்கும், "நாளை வா" என்பதைக் "கநா களை கவா" என்பது. அதைவிடக் கொஞ்சம் கெட்டியானது கேரளத்தில் மூலபத்ரி என்கிற பாஷை, திருவிதாங்கூர் அரண்மனை ஆட்கள் ரகசியத்துக்குப் பேசினது என்பார்கள். அதில் எழுத்துகள் ஜோடி ஜோடியாக இடம் மாறும். அ இருந்தால் க, ச இருந்தால் ட, த இருந்தால் ப, ந இருந்தால் ம, அதுபோலவே திருப்பியும். 'பாடம்' என்று சொல்ல வேண்டுமானால் ப போய் த, ட போய் ச, ம போய் ந, ஆக 'தாசந்' என்று வரும். யாரோ தாசனைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆச்சி நினைத்துக்கொள்வாள். நன்றாகத்தான் இருந்தது, ஒரு சாயங்காலம். மறுநாள் காலையில் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே "அது என்ன தாசந், பாடத்தைத்தானே சொல்லுதிய" என்றுவிட்டாள். எழுத்தை மாற்றலாம், வாக்கியம் தமிழாகவே இருக்கிற வரைக்கும் தமிழ் காதுக்கு அது ஒரு மெல்லிய திரைதான். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அடுத்துப் பிள்ளைகள் எதிர்பார்த்தது கிளிக்கி. 2015-இல் வந்த பாகுபலியில் காலகேயர்கள் பேசுவது, உருவாக்கியது மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் விளையாட்டாக ஒரு பாஷை செய்தாராம், அதுதான் இதற்கு விதை. படத்துக்காக 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று வளர்ந்தது, 2020-இல் தனி எழுத்தோடு இணையதளமாகவும் வந்தது. நம் ஊர் ஆள் செய்தது என்பதற்காகவே இதற்கு முதல் மார்க் போட ஆசை. தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ, ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று. இப்படித் திருப்பிப் போட்டு எதிர்ப்பதம் செய்கிற உத்தி குழந்தைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டும் ஒருத்தியை ஒருத்தி மிரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மிரட்டத்தான் முடியும், சத்தம் அப்படி.

ஆனால் மூன்றாவது கேள்வியில் அது மாட்டிக்கொள்கிறது. படிக்கக் கதை எங்கே, வாக்குவாதம் செய்ய ஆள் எங்கே, நம்மைவிட நன்றாகத் தெரிந்து தப்பைத் திருத்துகிறவர் எங்கே என்று தேடிப் போனால் எனக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஒரு லீவுக்குப் போதும், ஒரு வருஷத்துக்கு வராது என்பது என் கணிப்பு. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

கிளிங்கான் கற்பனை உலகத்து மொழியா, விண்வெளிக் கதை மொழியா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், பட்டியலில் அதை விட்டுவிட முடியாது. மார்க் ஓக்ராண்ட் என்கிற மொழியியலாளர் 1984-இல் வந்த மூன்றாவது ஸ்டார் டிரெக் படத்துக்காகக் கட்டியது, 1985-இல் அகராதியே புத்தகமாக வந்துவிட்டது, 1992-லிருந்து இதற்கென்று ஒரு நிறுவனமும் இருக்கிறது, மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ ஆப்பில் 2018-லிருந்து பாடம். அதன் வேடிக்கை வாக்கிய வரிசை. செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். 'புக்' என்றால் குழந்தை, 'லெக்' மாதிரி ஒலிப்பது பார்ப்பது, 'யாஷ்' என்றால் அதிகாரி. மூன்றையும் இதே வரிசையில் சொன்னால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார், முதலையும் கடைசியையும் இடம் மாற்றினால் குழந்தை அதிகாரியைப் பார்க்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது தலைகீழ். நாம் "பிள்ளையப் பாக்காரு சாரு" என்று நித்தமும் சொல்கிறோம். நமக்குக் குழப்பம் வேறு இடத்தில்: நாம் 'ஐ' உருபை நம்பி வரிசையை எப்படி வேண்டுமானாலும் புரட்டுவோம், கிளிங்கானில் உருபு கிடையாது, வரிசை பிசகினால் அர்த்தம் கவிழ்ந்துவிடும்.

அதில் ஒரு ட இருக்கிறது, நாக்கை மடித்து மேலே தொடுகிற, நம் 'வண்டி'யில் வருகிற ட. வெளிநாட்டுக்காரர்கள் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள், என் மகள் முதல் தடவையே சொல்லிவிட்டாள். சரி, ழ வருகிற வாய்க்கு உலகத்தில் எல்லாமே வரும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம் நாக்கின் இரண்டு பக்கமும் காற்றை வெடித்து விடுகிற ஒரு ஒலி வந்தது, தொண்டையின் அடியில் காறுகிற இன்னொன்றும் வந்தது, எச்சில் தெறித்துக் கீபோர்டைத் துடைக்க வேண்டியதாயிற்று. வணக்கம் என்பதற்குச் சொல் இல்லை, அதற்குப் பதிலாகச் சொல்கிற 'நுக்நெ'யின் அர்த்தம் "உனக்கு என்ன வேணும்?" என்பது. எங்கள் ஊர் சில கடைகளில் வரவேற்பு அப்படித்தான், அதனால் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா மகளுக்குப் பிடிக்கவில்லை. "எப்பப் பாத்தாலும் சண்டை போடுற மாதிரி இருக்கு மாமா." எழுத்தும் உண்டு, ஆனால் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடில் 2001-இல் இடம் கேட்டபோது தள்ளிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாவியைப் பற்றிச் சொல்லும் முன்னால் ஆத்திசூடி ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன்: ஙப்போல் வளை. ங என்கிற எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்துப் படித்த ஒரே இடம் எனக்கு அதுதான். 2009-இல் வந்த அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழியில் 'ங' என்றால் நீ. அவ்வளவுதான், முதல் நாளே ஙகரம் எழுதிப் பழகின கைக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்துவிட்டது. அதன் வினைச்சொல்தான் விசேஷம். நம் இலக்கணத்தில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் இடைநிலை உட்காரும், செய், த், ஆன் என்று. நாவியில் இடைநிலை பகுதியைப் பிளந்துகொண்டு அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்கிறது. 'தாரொன்' என்றால் வேட்டையாடு, அதற்குள் 'ஒல்' நுழைந்தால் 'தொலாரொன்', வேட்டையாடியாயிற்று. காலத்துக்கு மட்டுமில்லை, மனசுக்கும் இடைநிலை உண்டு. படத்தில் எல்லாரும் சொல்கிற 'உன்னைக் காண்கிறேன்' என்கிற வாக்கியத்தில் 'காமெ' என்கிற வினைக்குள் 'எய்' என்று ஒன்று நுழைந்து 'காமெயெ' என்று ஆகிறது, அந்த 'எய்'க்கு அர்த்தம், இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் என்பதுதான். இப்படி ஒன்று தமிழில் இல்லையே என்று அன்றைக்கு உண்மையிலேயே பொறாமைப்பட்டேன்.

நாம், நாங்கள் வித்தியாசம் அதில் உண்டு. உருபுகள் இருப்பதால் சொற்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிப் போடலாம். எண்கள் எட்டு எட்டாக எண்ணப்படும், அந்த ஆட்களுக்குக் கைக்கு நாலு விரல். திருத்துவதற்கு ஆர்வமுள்ள கூட்டமும் இணையத்தில் இருக்கிறது. பின்னே ஏன் வேண்டாம்? எழுத்து இல்லை. எழுதப்படாத வாய்மொழி என்பதாகவே அதைப் படைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதி ஆசையே ஆச்சி எடுத்துப் புரட்டினாலும் விளங்காத நோட்டுப் புத்தகத்தில்தான். பேச்சு மட்டும் போதும் என்கிறவர்கள் இதை எடுக்கலாம், நான் கைதட்டுவேன்.

எஸ்பெரான்டோ பற்றியும் கேட்டார்கள். அது 1887-இல் உலகத்துக்கே பொது மொழி வேண்டும் என்று செய்தது, யாருக்கும் புரியக் கூடாது என்கிற நம் நோக்கத்துக்கு நேர் எதிர். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் வரும் டோத்ராக்கியை அதே தொடரில் வரும் அதன் அண்ணன் சாப்பிட்டுவிட்டது, அந்த அண்ணனிடம் பிறகு வருகிறேன்.

இப்போது டோல்கீன், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதினவர். இங்கேதான் எனக்கு நிறைய ராத்திரி போனது. மனுஷன் கதை எழுதிவிட்டு மொழி செய்யவில்லை, மொழி செய்துவிட்டு அதைப் பேசுகிறவர்கள் வாழ ஓர் உலகம் வேண்டுமே என்று கதை எழுதினவர். குவென்யா, சிந்தாரின் என்று இரண்டு பெரிய மொழி. முன்னது ஃபின்னிஷ் மொழியின் ஒலியில் மயங்கிச் செய்தது, பின்னது வெல்ஷ் மாதிரி. சிந்தாரினைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்: பன்மைக்கு விகுதி சேராமல் உள்ளே இருக்கும் உயிர் மாறும், 'அமொன்' என்றால் மலை, 'எமின்' என்றால் மலைகள். சொல்லின் முதல் எழுத்தும் முன்னால் வருவதைப் பார்த்து இளகும், 'மெல்லொன்' என்கிற நண்பன் சுட்டுச்சொல்லுக்குப் பிறகு 'வெல்லொன்' ஆகிவிடுவான். நாம் 'அந்தப் பையன்' என்று ஒற்றை மிகுத்து இறுக்குகிற இடத்தில் அவர்கள் தளர்த்துகிறார்கள். கேட்க அழகு, படிக்க வலி.

குவென்யா அப்படியில்லை. அது நம் தெருவில் வளர்ந்த பிள்ளை மாதிரி. பெயரோடு உருபு ஒட்டும்: 'ன்ன' வந்தால் அதை நோக்கி, 'ஸ்ஸெ' வந்தால் அதில், 'ல்லொ' வந்தால் அதிலிருந்து. குறில் நெடில் உண்டு, இரட்டித்த மெய் உண்டு. 'ஸ்கூல்' மாதிரி மெய்கள் மோதிக்கொண்டு சொல் தொடங்குவது அதற்கும் ஆகாது, நாம் இஸ்கூல் என்று சமாளிப்பதுபோல் அதற்கும் சமாளிப்பு உண்டு. அதில் பிரசித்தமான வாழ்த்து ஒன்று: "எலென் சீல லூமென்னொமென்தியெல்வொ." எலென் விண்மீன், சீல ஒளிர்கிறது, லூமென்ன வேளைமேல், ஒமென்தியெல்வொ நம் சந்திப்பின். 'லூமென்ன'வின் கடைசி அகரம் அடுத்த சொல்லின் உயிரைப் பார்த்ததும் ஓடிவிட்டது பாருங்கள், நம் குற்றியலுகரம் உயிரைக் கண்டால் ஓடுகிற அதே ஓட்டம். அந்த 'நம்' என்பதும் கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்ட நம்தான். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பதிப்பில் அந்தச் சொல் 'ஒமென்தியெல்மொ' என்று இருந்தது, பிறகு வந்த பதிப்பில் 'மொ'வை 'வொ' ஆக்கினார். ஒரு 'நம்'முக்காகப் புத்தகத்தையே திருத்துகிற ஆள்.

அந்தத் திருத்துகிற குணம்தான் படிக்கிறவனுக்குத் தலைவலி. 1973-இல் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். முப்பது வயதில் எழுதிவைத்த விதியும் எழுபது வயதில் எழுதின விதியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். முழு இலக்கணம் என்று அவர் கையால் முடித்து வைத்தது கிடையாது. ரசிகர்கள் இட்டு நிரப்பின வடிவத்தைத்தான் நாம் படிக்க வேண்டும், அதிலும் இரண்டு பேர் இருந்தால் மூன்று கட்சி. கவிதை எழுதலாம், வாழ்த்து அட்டை எழுதலாம். "ஆச்சி எனக்கு வச்சிருந்த அதிரசத்த நீ ஏன் எடுத்த" என்று சண்டை போடச் சொல் தேடினால் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அதிரசம் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்த எழுத்து இருக்கிறதே, தெங்வார், அதில் நான் விழுந்துவிட்டேன். தொழில் எழுத்தோடு என்பதால் இருக்கலாம். நெட்டுக்கோடு ஒன்று, அதில் வளைவு ஒன்று, இவ்வளவுதான் சரக்கு. முக்கியமான எழுத்துகள் 24, நாலு நிரலாக ஆறு ஆறு. எந்த நிரல் என்பது வாயில் எந்த இடத்தில் ஒலி பிறக்கிறது என்பதைச் சொல்லும், எந்தப் படி என்பது எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லும். க ங, ச ஞ, ட ண என்று வாயின் பின்னாலிருந்து முன்னால் வருகிற நம் மெய்யெழுத்து வரிசையை யாராவது படமாக வரைந்தால் இப்படித்தான் வரும். உயிர் தனி எழுத்தில்லை, மெய்க்கு மேலே போடும் குறி. குவென்யா எழுதும்போது அந்தக் குறி முன்னால் ஒலித்த மெய்யின்மேல் உட்காரும், நம் உயிர்மெய் மாதிரியே. சிந்தாரினில் பின்னால் வரும் மெய்யின்மேல், அதனால்தான் அங்கேயும் எனக்குக் கால் இடறியது. இன்னும் ஒன்று: குவென்யாவில் அகரம் அடிக்கடி வருவதால் அதற்குக் குறியே போடாமல் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. 'கல்மா' என்றால் விளக்கு, அதை க, ல, ம என்று மூன்று எழுத்தாக மட்டும் எழுதினாலும் படிக்கிறவர் கல்மா என்று படித்துக்கொள்வார். ஏட்டில் புள்ளி குத்தாமல் எழுதினதை நம் பெரியவர்கள் படித்த அதே வித்தை.

இதைக் காட்டியபோது அக்கா மகள் இன்னொன்று கவனித்தாள், எனக்குத் தோன்றாதது. குவென்யாவில் வளைவை இரட்டித்தால் வருகிற எழுத்து ந்த, ம்ப, ங்க என்கிற சேர்க்கைகளுக்கு. "மாமா, இது மலையாளத்துல வர்ற கூட்டெழுத்து மாதிரில்லா, ந்தக்கு ஒண்ணு, ம்பக்கு ஒண்ணு." அதேதான். தமிழில் இரண்டாகப் பிரித்து எழுதுவதை மலையாளம் ஒட்டி எழுதும், தெங்வார் ஒற்றை எழுத்தாகவே வைத்திருக்கிறது. அன்றைக்கு மதியம் பட்டைநிப் பேனா ஒன்று வாங்கி வரச் சொன்னாள். பால்பாயிண்டில் எழுதினால் இந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், நிப்பைக் கொஞ்சம் சாய்த்து இழுத்தால் கோடு மெலிந்து வளைவு தடித்து வரும், அப்போதுதான் அழகு.

கடைக்காரனாக ஓர் எச்சரிக்கை. தெங்வாருக்கு யூனிகோடில் இன்னும் இடமில்லை. ஃபாண்ட் கிடைக்கும், அந்த ஃபாண்ட் இல்லாத போனுக்கு அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லையென்றால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பாமினி என்கிற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் தட்ட முடியாது, கையால் எழுதிப் போட்டோ எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு அது குறையாகத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக அந்த அண்ணன், ஹை வலீரியன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்காக டேவிட் பீட்டர்சன் உருவாக்கியது, டோத்ராக்கியும் அவர் செய்ததுதான். புத்தகத்தில் 'வலார் மோர்கூலிஸ்' மாதிரி சில துண்டுகள்தான் இருந்தன, அதிலிருந்து ஒரு முழு மொழியை விரித்தார். டுவோலிங்கோவில் 2017-லிருந்து பாடம், அதையும் அவரே முன்னின்று செய்தார். அதனால் இது சரியா தப்பா என்று நான்கு கட்சி சண்டை போடத் தேவையில்லை, செய்த ஆளே உயிரோடு இருக்கிறார், சொல்லிவிட்டால் முடிந்தது.

இதற்கும் நமக்கும் உள்ள பொருத்தத்தை ஒரே வாக்கியத்தில் காட்டுகிறேன். "ஸல்த்ரீஸெஸ் புஸ்தரி இக்ஸொஸ் தாஒர்." ஸல்த்ரீஸெஸ் டிராகன், புஸ்தரி அடிமை, இக்ஸொஸ் இருக்கிறது, தாஒர் இல்லை. டிராகன் அடிமை இல்லை. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை, சொன்ன மேனிக்கே தமிழ். வினை கடைசியில், மறுப்பு அதற்கும் கடைசியில். எதிரில் இருப்பவர் 'தாஒர்' வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், நம் வீட்டுப் பெரியவர்கள் "பணம் தரணும்னுதான் நினைச்சேன்" என்று இழுத்துக் கடைசியில் கவிழ்ப்பதுபோல. வேற்றுமை இங்கேயும் எட்டு, விளி உட்பட. நாம் மூன்றாம் வேற்றுமையில் ஆல், ஓடு இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருக்கிறோம், அவர்கள் கருவிக்கு ஒன்று, உடனிருப்புக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். வினை ஆளுக்குத் தகுந்தபடி மாறும். இதில் என் மகள் சுலபமாகப் போய்விட்டாள், அக்கா மகள் கொஞ்சம் தடுமாறினாள். மலையாளத்தில் நான் வந்தாலும் நீ வந்தாலும் 'வந்நு' ஒன்றே போதும், அவள் பள்ளிக்கூடமெல்லாம் அந்தப் பக்கம்.

சுலபம் என்று ஏமாற்ற மாட்டேன். பால் நான்கு: நிலா, சூரியன், மண், நீர். எந்தப் பெயர் எந்தப் பால் என்பது பெரும்பாலும் ஈற்றைப் பார்த்துத் தெரியும், பெரும்பாலும்தான். எண் நான்கு: ஒன்று, பல, சில, மொத்தமும். 'வலார்' என்பது அந்த மொத்தமும், அதாவது மனிதர் எல்லாரும். நான்கு எண், எட்டு வேற்றுமை என்று பெருக்கினால் வாய்பாடு நீளும், சில இடங்களில் வடிவங்கள் ஒன்றாகிவிடுவதால் பிழைத்தோம். பாடம் முழுக்க ஆங்கிலம் வழியாகத்தான். நான் முதல் பத்துப் பாடத்தில் தப்புக்கு ஒன்றாக ஆப்பில் இழந்த உயிர்களில் பாதி, ஆங்கிலத்தில் 'தி' போட மறந்ததால் போனவை. எழுத்தும் சொல்லிக்கொள்கிற மாதிரி கையில் இல்லை, ஆங்கில எழுத்தில் நெடிலுக்குக் கோடு போட்டு எழுதிக்கொள்வதுதான் நடைமுறை.

ஆக, பேசுவதற்கு ஹை வலீரியன், எழுதுவதற்கு தெங்வார். இரண்டையும் கலந்துவிடுங்கள் என்பதுதான் நான் சொன்ன தீர்ப்பு. டோல்கீன் பக்தர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள், ஓர் உலகத்து மொழியை இன்னோர் உலகத்து எழுத்தில் எழுதுவதா என்று. தமிழையும் மலையாளத்தையும் வட்டெழுத்து, கோலெழுத்து, ஆரியெழுத்து என்று எத்தனையோ எழுத்தில் எழுதிப் பார்த்த மண் இது, எனக்கு அதில் உறுத்தல் இல்லை. ஒருத்தி மட்டும் தனியாகப் படிக்கிறாள் என்றால் இந்தத் தீர்ப்பு மாறும், குவென்யாவையே எடுக்கச் சொல்லியிருப்பேன், தனிமைக்கு அதைவிட நல்ல துணை இல்லை. இவர்கள் இரண்டு பேர், சண்டை போட மொழி வேண்டும்.

இரண்டு மாதம் ஆயிற்று. மகள் தினம் கால் மணி நேரம் பாடம் பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனில் பேசுகிறார்கள், வாக்கியத்தில் பாதி வலீரியன், தெரியாத இடமெல்லாம் தமிழ். நிபந்தனைப்படி நான் பதினோராவது பாடத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் எழுத்தை மறக்க முடியவில்லை, கடிதம் வந்தால் கண் தானாகப் படித்துவிடுகிறது. கடைசியாக வந்ததில் தகராறு ஒன்று தெரிந்தது. அக்கா மகள் ரயிலில் வரும்போது பார்க்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள், அது இருப்பது கழுதுருட்டியில். தெங்வாரில் ழ இல்லை. அவள் ரகரத்தின் வாலில் ஒரு சுழி போட்டிருக்கிறாள், என் மகள் அதை அடித்துவிட்டு லகரத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். யார் சொல்வது சரி என்று என்னிடம் கேட்கவும் முடியாது, கேட்டால் நான் படிக்கிறேன் என்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருவருமே சும்மா இருக்கிறார்கள்.